மஞ்சள் நாற்காலி

எங்கள் தெருக்கள் கிழக்கே போய்
ஏரியில் முட்டி நிற்கும்.
தீயணைப்புக் குழாய், ஓர் இரும்புத் தடுப்பு,
அப்புறம் தண்ணீர்.
வழி தவறி வரும் கார்கள்
விளக்கை அணைக்காமல் ஒரு நிமிடம் அதைப் பார்த்துவிட்டு
பின்னாலேயே போய்விடும்.

புதிதாகக் குடிவருகிறவர்கள் கடல் என்பார்கள்.
அலை இருக்கிறது,
கடற்காகம் என்று பெயருள்ள பறவை இருக்கிறது,
அக்கரை தெரிவதில்லை.
உப்பு மட்டும்தான் இல்லை.
அதை டிசம்பரில் மாநகராட்சி லாரி
எங்கள் தெருவில் கொட்டிவிட்டுப் போகும்.
பூட்ஸ் வெளுக்கும், நாய்களின் பாதம் எரியும்,
கார்களுக்கு அடிவயிற்றில் துரு.

சிகாகோவின் வடக்கு ஓரம்.
நகரம் முடிந்தது என்று நினைத்த பிறகும்
ரயில் இன்னும் நாலு நிறுத்தம் வரும்.
அது வரும்போதெல்லாம் என் ஜன்னல்
பல் கடிக்கும்.
கீழ்த்தளத்தில் பெலிஸ்காரி யூலாலி,
ஞாயிறு தவறாமல் தேங்காய்ப்பாலில் சோறு.
எதிரே போலந்துச் சகோதரர்கள்,
மாடியில் ஒருவர் கீழே ஒருவர்,
ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.
பனி வாரும் மண்வெட்டி மட்டும் பொது.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு, எங்கும் எழுதாதது:
பனியை வாரித் தரையைக் கண்டவனுக்கே
அந்தக் கார் அளவுத் தரை.
பஸ்ஸில் துண்டு போடுவதுபோல
நாற்காலி போட்டு வைப்பான்.
அல்லது இஸ்திரிப் பலகை, உடைந்த தொட்டில்.
ஒரு வருடம் ஆளுயர மாதா சிலை.
எடுத்துப் போட்டுவிட்டு அங்கே நிறுத்துகிறவனின் கார்
விடியும்போது பனிக்கட்டிக்குள் இருக்கும்.
இரவில் குழாய் பிடித்தது யார்?
எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

ஜனவரிப் புயலில் பதினெட்டு அங்குலம்.
இரவுப் பேருந்து ஓட்டும் அசீரியன் ஒதீஷோ
மூன்று மணி நேரம் வாரினான்,
நடுநடுவே மண்வெட்டிமேல் சாய்ந்து
வானத்தைத் திட்டினான், எங்களுக்குப் புரியாத மொழியில்,
எங்களுக்குப் புரியும்படி.
அப்புறம் சமையலறை நாற்காலியை வைத்தான்.
மஞ்சள் ரெக்சின். ஒரு கால் குட்டை,
அதற்கடியில் மடித்த அட்டை.
காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

டிப்போவில் என்றார்கள். இதயம் என்றார்கள்.
காரை யாரோ உறவுக்காரன் ஓட்டிக்கொண்டு போனான்,
புறநகருக்கு.

நாற்காலி இருந்தது.
மறுபடி பெய்தது. காலையில் பார்த்தால்
யாரோ அந்த இடத்தை வாரியிருந்தார்கள்,
இருக்கையைக்கூடத் துடைத்து.
நானில்லை என்றாள் யூலாலி.
மூத்தவன் இளையவனைக் கைகாட்டினான்,
இளையவன் மூத்தவனை.
நிறுத்த இடமின்றி நாலு தெரு சுற்றியவர்களும்
கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே
அதைத் தாண்டிப் போனார்கள்.

மார்ச்சில் பனி போயிற்று, கூடவே சட்டமும்.
வெறும் தார், நடுவில் மஞ்சளாக ஒன்று.
சாலையில் கிடக்கும் பொருள்கள் வெள்ளியன்று அகற்றப்படும்
என்று கம்பத்தில் காகிதம் ஒட்டினார்கள்.

வெள்ளி, காலை ஐந்தரை. எனக்குத் தூக்கமில்லை.
சகோதரர்கள் இருவரும் இறங்கி வந்து
ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.
ஒருவன் போதும் அந்த நாற்காலிக்கு.
பேசாமல் கிழக்கே நடந்தார்கள்,
தடுப்பைத் தாண்டி, பாறைகளின் மேல்.
வைத்து ஆட்டிப் பார்த்தார்கள்.
ஒருவன் சட்டைப்பையிலிருந்து ஏதோ எடுத்து மடித்து
குட்டைக் காலுக்குக் கொடுத்தான்.
மற்றவன் ஏதோ சொன்ன மாதிரி இருந்தது.
அலைச் சத்தமாகவும் இருக்கலாம்.

எட்டு மணிக்கு அந்த இடத்தில்
வெள்ளை டொயோட்டா ஒன்று நின்றது. யாருடையதோ.

ஏரி இந்த வருடம் ஏறி வருகிறது,
போன கோடையின் மணல் இப்போது தண்ணீருக்குள்.
நாற்காலியில் நாங்கள் யாரும் உட்காரவில்லை.
நேற்று ஒரு கடற்காகம் உட்கார்ந்திருந்தது,
வெகுநேரம்.
அதனிடம் போய்
யார் சட்டம் பேசுவது.